கடைத் திண்ணையில் இருந்தவர்களை மறந்துவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஓர் அமெரிக்கச் சிறுகதையையும் ஓர் அமெரிக்கப் பாட்டையும் அருகருகே வைத்து எழுதிய கட்டுரையைப் படித்தேன். கதை, ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1926இல் எழுதிய 'ஸ்வெட்', அதாவது வியர்வை. பாட்டு 'குட்பை ஏர்ல்'. அப்போது டிக்ஸி சிக்ஸ் என்ற பெயரில் இருந்த மூன்று பெண்களின் குழு 1999இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ளது. இரண்டிலும் பெண்டாட்டியை அடிக்கிற புருஷன் கடைசியில் செத்துப்போகிறான். கட்டுரையாளர் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, 'பழிவாங்கும் பெண்கள்' என்று இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார். படித்து முடித்ததும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் அரசுப் பள்ளியில் 29 வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவள். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். எங்கள் குடும்பம் ஊருக்குத் துணி வெளுத்த குடும்பம். அம்மாவும் சித்தியும் தாமிரபரணிப் படித்துறையில் துவைத்தவர்கள். வெள்ளாவிப் புகையில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். தபால்வழியில் எம்.ஏ. படித்தபோது அமெரிக்க இலக்கியத் தாளில் இந்தக் கதை வந்தது. முதல் பக்கத்தைத் திருப்பும்போதே கை நடுங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முதலில் ஒரு திருத்தம். கட்டுரையில் கதையின் நாயகி டீலியா ஜோன்ஸை 'வீட்டு வேலைக்காரி' என்று எழுதியிருக்கிறார்கள். அவள் யார் வீட்டிலும் வேலைக்காரி இல்லை. ஃபுளோரிடாவில் வெள்ளைக்காரர்கள் வீட்டுத் துணியைத் தன் வீட்டுக்கு எடுத்துவந்து வெளுத்துக் கொடுப்பவள். சொந்தக் குதிரை, சொந்த வண்டி, சொந்த வீடு. மூன்றும் அவள் சம்பாத்தியம். சனிக்கிழமை வெளுத்ததைக் கொடுத்துவிட்டு, அழுக்கு எடுத்து வருவாள். ஞாயிறு ராத்திரி கோயிலுக்குப் போய்வந்த பிறகு உட்கார்ந்து தரம் பிரிப்பாள். வெள்ளைத் துணியை மட்டும் அன்றைக்கே ஊறப்போட்டுவிடுவாள், திங்கள் காலையில் அரை நாள் மிச்சமாகும் என்று. கதை அந்த ஞாயிறு ராத்திரி பதினொரு மணிக்குத்தான் தொடங்குகிறது. அடுக்களைத் தரையில் குந்தி உட்கார்ந்து, நிறம் பார்த்துக் குவித்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் வந்த புருஷன் ஸைக்ஸ், நீளமான கறுப்புச் சாட்டையை அவள் தோளில் போடுகிறான். பாம்புக்கு அப்படிப் பயந்தவள் அவள். அதைத் தெரிந்துகொண்டே போடுகிறான். அப்புறம், இருப்பதிலேயே வெளுத்த குவியலாகப் பார்த்து மிதித்து, காலால் சிதறடித்துக்கொண்டு அறையைக் கடந்து போகிறான்.

அந்த ஓர் உதையில் எவ்வளவு இருக்கிறது என்பது துணி வெளுக்காதவர்களுக்குப் புரிவது கஷ்டம். அடுத்தவர் துணி. ஒரு கறை கூடினாலும் கேள்வி வரும். ஒன்று தொலைந்தால் ஊரே பேசும். அடித்தால் அவளுக்கு வலிக்கும், அவ்வளவுதான். துணியை மிதித்தால் அவள் பிழைப்பே போகும், பேரும் போகும். எங்கள் சித்தப்பாவும் இதைத்தான் செய்வார். சித்தி நாள் முழுக்க நின்று அலசிக் கரையில் காயப்போட்ட வேட்டிகளை, குடித்துவிட்டு வந்து ஒவ்வொன்றாக உருவிச் சேற்றில் போடுவார். சித்தியை அடித்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அவள் அழுததைப் பார்த்தது, வேட்டிகள் சேற்றில் கிடந்த அன்றைக்குத்தான். ஃபுளோரிடாவில் வளர்ந்த ஒருவர், நான் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்னால் இதை எழுதி வைத்திருக்கிறார் என்றால் நான் என்ன சொல்வது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதையின் நடுப்பகுதியைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. ஜோ கிளார்க்கின் கடைத் திண்ணை. ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, கொதிக்கிற வெயில். ஊர் ஆண்கள் கரும்பு மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். டீலியா துணிமூட்டையோடு வண்டியில் கடந்து போகிறாள். வெயிலோ மழையோ, வாரம் தவறாமல் சனிக்கிழமை இந்த வழியாகப் போகிறாளே என்று ஒருவர் சொல்ல, பேச்சு ஆரம்பிக்கிறது. கல்யாணத்தின்போது அவள் எவ்வளவு அழகு, இவன் அடித்து அடித்து இப்படி ஆக்கிவிட்டான் என்கிறார்கள். கடைக்காரர் கிளார்க் ஒன்று சொல்கிறார்: சில ஆண்கள் பெண்டாட்டியைக் கரும்பு மாதிரி நினைக்கிறார்கள், பிழிந்து பிழிந்து சாறு முழுவதையும் எடுத்துக்கொண்டு, சக்கையாகிவிட்டாள் என்று அவள் மேலேயே வெறுப்புக் கொண்டு தூக்கி எறிகிறார்கள் என்று. இவ்வளவு சரியாகச் சொல்கிற மனிதர்! இன்னொருவர், அவனைச் சதுப்புக்குக் கூட்டிப்போய்த் தோலை உரிக்க வேண்டும் என்கிறார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று முனகுகிறார்கள். அந்த இடத்தில் ஹர்ஸ்டன் ஒரு வரி எழுதுகிறார். வெயிலில் அவர்களுடைய ஊர்ப்பொறுப்பு உருக ஆரம்பித்துவிட்டதாம். அடுத்ததாக ஒருவர், ஒரு தர்பூசணி வெட்டலாமே என்கிறார்.

இதைவிட உண்மையான ஒரு பக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவளுக்காக வருத்தப்படுகிறவர்கள். ஒருவருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. முதல் அடி கல்யாணமான இரண்டாம் மாதமே விழுந்துவிட்டது. பதினைந்து வருடமாக அடி நடக்கிறது, பதினைந்து வருடமாகத் திண்ணையும் பேசிக்கொண்டிருக்கிறது. பேசுகிறவரை அவள் வண்டி தாண்டிப் போய்விடுகிறது.

எங்கள் ஊரில் கரும்புக்குப் பதிலாக டீக்கடை. 'அவன் கைய ஒடிச்சாத்தான் அடங்குவான்' என்று சொன்னவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர். எனக்குக் கல்லூரிப் பணம் கட்ட உதவியவர். சொல்லிவிட்டு, இன்னொரு வடை எடுத்துக்கொண்டார். அந்த மனிதர் இப்போது உயிரோடு இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் நான் செய்தது அதைவிடக் குறைவு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி பாட்டு. சென்னையில் இருக்கும் என் அக்கா மகள் அனுப்பித்தான் இதை முதலில் கேட்டேன். கைதட்டித் துள்ளுகிற மெட்டு. மேரி ஆன், வாண்டா என்று பள்ளிக்கூடத் தோழிகள் இருவர். ஒருத்தி ஊரைவிட்டு வெளியே போய்விடுகிறாள். இன்னொருத்தி ஊரிலேயே ஏர்ல் என்பவனைக் கட்டிக்கொள்கிறாள். இரண்டே வாரத்தில் அடி ஆரம்பிக்கிறது. கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, முகப்பூச்சு என்று மறைத்துக்கொண்டே நாள் ஓட்டுகிறாள். ஒருவழியாகத் தைரியம் வந்து விவாகரத்துக்கு மனுப் போடுகிறாள். அவளை நெருங்கக்கூடாது என்று கோர்ட் ஆணை இருக்கிறது. ஏர்ல் அதைச் சட்டையே செய்யாமல் உள்ளே வந்து, அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்துவிடுகிறான். அப்புறம் தோழிகள் கூடிப் பேசி, தட்டாம்பயறில் விஷம் வைக்கிறார்கள். தார்ப்பாயில் சுற்றி எடுத்துப்போகிறார்கள். போலீஸ் வந்து தேடிவிட்டுத் தொப்பியைத் தொட்டு மரியாதை சொல்லிவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகு காணாமல்போனவனை யாருமே தேடவில்லை. இருவரும் நிலம் வாங்கி, நெடுஞ்சாலை ஓரம் ஸ்ட்ராபெர்ரி ஜாம் விற்றுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

அமெரிக்காவில் சில வானொலி நிலையங்கள் இதை ஒலிபரப்ப மறுத்தன. கொலையைக் கொண்டாடுகிறது என்பது புகார். கட்டுரையாளரும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறார். எனக்கு அந்தப் புகாரில் பாதிதான் சம்மதம். விஷம் வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் முதல் தடவை கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைத்தால் அது பொய். எத்தனையோ பெண்கள் அந்தப் பாட்டோடு சேர்ந்து உரக்கப் பாடுவது கொலை செய்யும் ஆசையில் இல்லை. 'யாரும் தேடவில்லை' என்ற இடம் வரும்போது, அடிவாங்கினவளைத்தான் யாரும் தேட மாட்டார்கள் என்ற பழைய கணக்கு தலைகீழாகிறது. அந்த ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாகிறது.

ஆனால் பழி என்ற ஒரே பெயர் இரண்டுக்கும் பொருந்தவே பொருந்தாது. பாட்டில் சாவைத் திட்டம் போட்டுச் செய்கிறார்கள். டீலியா எதையும் திட்டமிடவில்லை. சாரைப்பாம்பு இல்லை, விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் ஸைக்ஸ். அவளைப் பயமுறுத்தித் துரத்திவிட்டு, அந்த வீட்டில் இன்னொருத்தியைக் குடிவைக்க வேண்டும். எடுத்துப்போடு என்று அவள் கெஞ்சியும் எடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பாம்பு எங்கே இருந்தது தெரியுமா? அவளுடைய அழுக்குத் துணிக்கூடைக்குள். அன்றும் ஞாயிறு ராத்திரிதான். துணி பிரிக்கக் கூடையைத் திறந்தவள் அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் வைக்கோல் பரணில் படுத்துக்கொள்கிறாள். விடியும்போது அவன் வருகிறான். இருட்டில் தீக்குச்சி தேடித் தடவுகிறான். பாம்பு அவனையே கடிக்கிறது.

அவள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் வெளியே அந்திமந்தாரைச் செடிகளுக்கு நடுவே ஈர மண்ணில் கிடக்கிறாள். கால்கள் துவண்டுவிட்டன. சூரியன் ஏறிக்கொண்டே போகிறது, அவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். ஒருவழியாக வாசலுக்கு வருகிறாள். தவழ்ந்து வருகிற அவனுடைய வீங்கிய கழுத்தையும், திறந்திருக்கிற ஒற்றைக் கண்ணையும் பார்க்கிறாள். பாவமாக இருக்கிறது. அந்தப் பாவத்தைத் தாங்க முடியாமல்தான் விலகிப் போகிறாள். மலைவேம்பின் அடியில் போய் நிற்கிறாள். ஆர்லாண்டோவில்தான் டாக்டர்கள், அது தூரம். அவன் கண்ணுக்கு இப்போது எல்லாம் தெரிந்திருக்கும், தனக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருக்கும் என்று அவளுக்குப் புரிகிறது. அதோடு கதை நின்றுவிடுகிறது. நீ செய்தது சரி என்றோ தப்பு என்றோ ஹர்ஸ்டன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாட்டில் அந்தக் கண் இல்லை. இருந்தால் மெட்டு துள்ளாது. என் கணக்கில் கதை பெரிதாவது அந்தக் கண்ணால்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் பாட்டு கதையை மிஞ்சுகிறது. அதையும் நீங்கள் எழுதவில்லை. வாண்டா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று தெரிந்ததும், மேரி ஆன் அட்லாண்டாவிலிருந்து அன்று நள்ளிரவு விமானத்திலேயே கிளம்பி வருகிறாள். வந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். டீலியாவுக்கு வராத ஒருத்தி அவள். திண்ணையில் அத்தனை பேர் இருந்தும் வராத அந்த ஒருத்தி.

1984இல் நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சித்தியிடமிருந்து ஓர் இன்லேண்ட் லெட்டர் வந்தது. அவளுக்கு எழுத வராது, பக்கத்து வீட்டுப் பையன் கையெழுத்து. இரண்டே வரி. 'காது கேட்கவில்லை. நீ ஒரு எட்டு வந்துவிட்டுப் போ.' பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் ஊருக்கு அப்போது பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். எனக்குப் பரீட்சை. மூன்று வாரம் கழித்துப் போனேன். இடது காதில் அடித்ததில் உள்ளே ஏதோ கிழிந்து சீழ் வைத்துவிட்டது. பிறகு எவ்வளவோ வைத்தியம் பார்த்தோம். அந்தக் காது இன்றுவரை கேட்கவில்லை. முந்தின வருடம்தான், பெண்டாட்டியைக் கொடுமைப்படுத்துகிறவனைத் தண்டிக்கிற 498ஏ பிரிவு தண்டனைச் சட்டத்தில் சேர்ந்திருந்தது. எங்கள் தெருவில் யாருக்கு அது தெரியும்? படித்துக்கொண்டிருந்த எனக்கே தெரியாது.

சித்திக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. சித்தப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. கடைசிவரை அவருக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டியவள் அவள்தான். உங்கள் கட்டுரை வந்த அன்று சாயங்காலம் அவள் வலது பக்கமாக உட்கார்ந்து, இரண்டையும் தமிழில் சொன்னேன். டீலியா கதையைக் கண்கொட்டாமல் கேட்டாள். பாம்பு கடித்ததும் 'ஐயோ' என்றாள், அவனுக்காகத்தான். எல்லாம் முடிந்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'ஏளா, அந்தக் கூடையில கெடந்த துணியெல்லாம் என்னாச்சு? குடுக்கணும்லா?' என்று கேட்டாள். எம்.ஏ. பாடத்தில் இந்தக் கேள்வி வரவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பதினைந்து வருடம் ஒரு வாரம் தவறாதவள், அந்தச் சனிக்கிழமை என்ன செய்திருப்பாள்?

பாட்டைச் சொன்னபோது விஷத்தைப் பற்றியெல்லாம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. 'அந்தப் பிள்ள அன்னைக்கே வந்துட்டாளாக்கும்?' என்று மட்டும் கேட்டாள். குத்திக்காட்டுகிற குணம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை, அடுக்களைக்குப் போய்விட்டேன்.

ஆசிரியர் அவர்களே, 'அவள் ஏன் அவனை விட்டுப் போகவில்லை' என்று கட்டுரையில் ஓர் இடத்தில் கேட்டிருந்தீர்கள். டீலியா ஏன் போக வேண்டும்? அது அவள் வியர்வையில் கட்டிய வீடு. அவனிடமே அவள் அதைச் சொல்கிறாள், கையில் இரும்புத் தோசைச்சட்டியைப் பிடித்துக்கொண்டு. முற்றத்து மரம் செடி ஒவ்வொன்றும் வயசான காலத்துக்கென்று அவள் நட்டது. நம் நாட்டில் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சேர்ந்து வாழ்ந்த வீட்டில், பத்திரம் யார் பேரில் இருந்தாலும், அவளுக்கு இருக்க உரிமை உண்டு. தேவைப்பட்டால் அவனை வெளியே போகச் சொல்லி மாஜிஸ்திரேட் ஆணை போடலாம். பாட்டில் வருகிற அந்த ஆணைக்கு இங்கே பாதுகாப்பு ஆணை என்று பெயர். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ஏர்ல் மாதிரி ஒருவன் அந்தத் தாளைத் தாண்டி வந்தால், அன்று ராத்திரி அவள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இவ்வளவு பெரிய கட்டுரைக்குக் கீழே 181 என்ற உதவி எண்ணைப் போட அரை அங்குலம் இடம் இல்லாமல்போனது எனக்கு வருத்தம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. அதே நாள் உங்கள் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு செய்தி. புருஷன் கட்டையால் அடித்ததில் ஒரு பெண் மருத்துவமனையில். தலைப்பு, 'குடும்பத் தகராறில் பெண் காயம்'. தகராறு என்றால் இரண்டு பேர் போடுவது. ஒருவன் அடிக்கிறான், ஒருத்தி வாங்குகிறாள், அதற்கு எப்படித் தகராறு என்று பெயர் வரும்? கேட்டால் இடம் போதாது என்பீர்கள். 'கணவன் அடித்ததில் பெண் காயம்' என்று போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே அகலம்தான். நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். இணைப்பில் ஹர்ஸ்டனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிற பத்திரிகை, ஐந்தாம் பக்கத்தில் கடைத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்ளலாமா? நாற்பது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன். 'தகராறு' என்ற அந்த வார்த்தையை இந்த மாதிரிச் செய்திகளில் இனிமேல் எழுத வேண்டாம் என்று செய்திப் பிரிவுக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள்.

சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதினேன். எழுதிக்கோ என்றாள். ஊர்ப் பேரும் ஆள் பேரும் மட்டும் வேண்டாம் என்றாள். அதனால் என் பெயரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்.